பிடித்திருக்கிறதா, சும்மாவா? தங்கச்சிமடத்துத் தையல் கடையிலிருந்து

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் மெயின் ரோட்டை ஒட்டி என் தையல் கடை. உள்ளே பெண்கள் தையல் பழகிக்கொண்டிருப்பார்கள், வெளியே பெஞ்சில் துணி வாங்க வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மிஷின் ஓடுகிற சத்தத்தில் எனக்குக் காது கேட்காது என்ற நம்பிக்கையில் இரண்டு பக்கமும் எல்லாம் பேசுவார்கள். அப்புறம் யாராவது ஒருத்தி மெதுவாக வந்து, "அக்கா, ஒருத்தங்க என்னையே பாக்குறாங்க, அது என்னன்னு தெரியல" என்பாள். பையன்கள் கொஞ்சம் சுற்றி வளைத்து வருவார்கள்: "என் ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்சினைக்கா." அந்த ஃப்ரெண்டு யார் என்று நான் கேட்பதில்லை.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். இது 18 வயது தாண்டியவர்களுக்கு. பள்ளிக்கூடப் பிள்ளையிடம் வளர்ந்த ஆள் ஒருவர் குறிப்புக் காட்டினால் அதில் படித்துப் பார்க்க ஒன்றுமில்லை. வீட்டில் நம்பகமான ஒருவரிடம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட வேண்டும். அது சட்டத்தின் விஷயம்.

மற்றவர்களுக்கு வருவோம். ஒருவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அவர் எல்லாரிடமும் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். இதைச் செய்யாமல்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ராமநாதபுரத்து ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் பெண் சிரித்தால், அது அவள் வாங்கும் சம்பளத்தில் சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அம்மாவை அன்பாகப் பார்த்துக்கொண்டால், பக்கத்துக் கட்டில் பாட்டியையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பார். செல்போன் கடைப் பையன் ரீசார்ஜ் செய்யும்போது கண்ணைப் பார்த்துப் பேசினான் என்று ஒருத்தி தூக்கம் கெட்டாள். அவன் என்னிடமும் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவான், எனக்கு நரை விழுந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

உங்களிடம் மட்டும் வேறு மாதிரி இருக்கிறாரா, அதுதான் கேள்வி. அந்த வேறுபாடு எந்தப் பக்கமும் போகலாம். ஊரையே கலாய்க்கிற பையன் ஒருத்தியைக் கண்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வான். யாரோடும் பேசாத பெண் ஒருவனிடம் மட்டும் பஸ் எப்போது வரும், மழை வருமா என்று தேவையில்லாததைக் கேட்பாள். சத்தமாக இருப்பவர் அமைதியாவதும், அமைதியாக இருப்பவர் பேசுவதும் ஒரே கணக்குத்தான்.

நம் ஊரில் இன்னொரு நல்ல அடையாளம் இருக்கிறது: கூப்பிடும் முறை. முறை சொல்லாமல் இங்கே யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். நேற்று வரை "என்னண்ணே" என்று பேசிக்கொண்டிருந்த பெண், ஒரு நாளில் அந்த அண்ணனை விழுங்கிவிடுவாள். வேறு பெயரும் வைக்க மாட்டாள். "இந்தாங்க", "அங்க பாருங்க", "கேக்குதா" என்று பெயரே இல்லாத வாக்கியமாக வரும். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அநேகமாகப் பொய்க்காது. அதற்கு நேர் எதிரும் உண்டு. இத்தனை நாள் சும்மா பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று வார்த்தைக்கு வார்த்தை "அண்ணா, அண்ணா" போட்டால், தம்பி, கதவு சாத்தப்பட்டுவிட்டது. அவள் மரியாதையாகச் சாத்தியிருக்கிறாள். நீங்களும் மரியாதையாக நகருங்கள். "என்னை ஏன் அண்ணான்னு கூப்பிடுற?" என்று போய்ச் சண்டை போட்ட ஆட்களும் இருக்கிறார்கள்.

முறைப்பையன், முறைப்பெண் விஷயத்தில் எந்தக் குறிப்பையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அத்தை மகன் ஜடையை இழுப்பான், "எப்பத்தா கல்யாணம்" என்பான், மாமன் மகள் பதிலுக்கு வாங்கு வாங்கென்று வாங்குவாள். அது சொந்தம் கொடுத்த உரிமை, சடங்கு மாதிரி. கேலியே பேசாத முறைப்பையன்தான் எனக்குச் சந்தேகம் தருவான். மனசில் ஒன்று வந்துவிட்டால் கேலி வாயில் வராது.

அடுத்தது, சாக்கு. எங்கள் கடைக்கு ஒரு பையன் சட்டையோடு வருவான். சைடு பிடிக்கணும் என்பான். பிடித்துக் கொடுத்தால் அடுத்த வாரம் லூஸ் பண்ணணும் என்பான். துணி என்ன பாவம் செய்தது! ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்காகத்தான் வருகிறான் என்று கடையே முடிவு கட்டிவிட்டது. அவள் முகமும் கொஞ்சம் மலர்ந்துதான் போனது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஊருக்குப் போயிருந்த நாட்களில் அவன் வருகிறானா என்று மட்டும் பார்த்தேன். வந்தான். அதே பெஞ்சு, அதே சட்டை. அப்புறம்தான் தெரிந்தது, எதிர்க்கடையில் அவனுக்குக் கடன் பாக்கி, கடைக்காரர் கண்ணில் படாமல் பஸ்ஸுக்கு நிற்க எங்கள் தூண் வசதியாக இருந்திருக்கிறது. ஆகவே சாக்கைப் பார்த்தால் மட்டும் போதாது. நீங்கள் இல்லாதபோது அந்தச் சாக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒருவர் தனக்குக் கொஞ்சம் சிரமம் வரும்படி எதையாவது செய்கிறாரா என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். காலியாக வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நெரிசலான அடுத்த பஸ்ஸில் ஏறுவது. என்றைக்கோ பேச்சோடு பேச்சாக "அம்மாவுக்கு முட்டி வலி" என்று சொன்னதை ஞாபகம் வைத்திருந்து, ஒரு மாதம் கழித்து "அம்மா இப்ப நடக்குறாங்களா?" என்று கேட்பது. ஸ்டேட்டஸை முதலில் பார்ப்பதெல்லாம் இதோடு சேராது, விரலுக்கு அதில் என்ன செலவு?

கூட்டத்தில் ஒரு சோதனை இருக்கிறது. யாரோ ஜோக் சொல்லி எல்லாரும் சிரிக்கும்போது, ஒவ்வொருவரும் தன்னையறியாமல் ஒருவரைத் திரும்பிப் பார்ப்பார்கள், நீயும் சிரிக்கிறாயா என்று. அந்தப் பார்வை உங்கள் மேல் அடிக்கடி விழுந்தால் உங்கள் கருத்து அவருக்கு முக்கியம் என்று அர்த்தம். காதல் என்று இன்னும் அர்த்தமில்லை. கூட இருக்கும் நண்பர்கள் தொண்டையைச் செருமுவதும், நீங்கள் வந்ததும் ஆளாளுக்கு வேலை வந்துவிட்ட மாதிரி கலைந்துபோவதும் இதைவிடத் தெளிவான செய்தி. ஆனால் அது நண்பர்களின் ஆசையாகவும் இருக்கலாம்.

கடல் செய்கிற குழப்பம்

நம் பக்கத்தில் போனை வைத்து மனசைப் படிக்க முடியாது. விசைப்படகில் போகிறவன் திங்கள், புதன், சனி என்று டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரைக்கு வருவான். கொஞ்ச தூரம் தாண்டினால் சிக்னல் கிடையாது. வந்த பிறகும் மீனை இறக்கி, வலையைப் பார்த்து, குளித்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். "ஒரு நாள் பூரா ரிப்ளை இல்லக்கா, அவன் மாறிட்டான்" என்று கண்ணீர் விடும் பெண்ணிடம் முதலில் கிழமையைத்தான் கேட்பேன்.

மீன்பிடித் தடைக்காலம் இதைவிட மோசம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகுக்குப் பெயின்ட் அடிக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் பையன்கள் ரோட்டில்தான். போகிற வருகிற பெண்ணையெல்லாம் பார்ப்பார்கள், பாதிப் பேருக்குத் தாங்கள் காதலிப்பதாகவே தோன்றிவிடும். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அது அவர்களுக்கு உண்மைதான். எங்கள் கடைப் பெண்களுக்கு நான் வைத்திருக்கும் விதி: மே மாதத்தில் ஆரம்பித்த எதையும் ஜூலை வரை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. படகு போக ஆரம்பித்து, உடம்பு அலுத்து, தூக்கம் கெட்டிருக்கிற நாளிலும் ஒருவன் விசாரிக்கிறான் என்றால் அப்போது பேசலாம்.

நம் படபடப்பையும் நாமே தப்பாகப் படிப்போம். மதுரையில் உளவியல் படிக்கும் என் தங்கை மகள் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். டட்டன், ஆரன் என்று இரண்டு பேர், 1974-இல் வெளியிட்டது. கனடாவில் கப்பிலானோ என்ற இடத்தில் ஆற்றுக்கு மேலே சுமார் 70 மீட்டர் உயரத்தில் ஆடுகிற தொங்குபாலம். அதில் நடந்துவந்த ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டுத் தன் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். பக்கத்தில் உயரம் குறைவான, ஆடாத பாலத்திலும் இதையே செய்தார்கள். தொங்குபாலத்தில் நம்பர் வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு அவளுக்குப் போன் செய்தார்கள், ஆடாத பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான். பயத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டதை அவள்மேல் வந்த ஆசையாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அந்த இருவரின் விளக்கம். ஒரு ஆராய்ச்சியை வைத்து உலகத்தையே அளக்க முடியாது, ஆனால் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஆடி மாதக் காற்றில் வண்டியை நிறுத்திவிட்டு ரயில் வருகிறதா என்று எட்டிப் பார்க்கும் ஜோடிகளைக் கண்டவர்களுக்கு இது புதுசாக இருக்காது. அங்கே யார் பக்கத்தில் நின்றாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். சந்தியாகப்பர் கோயில் திருவிழா ராத்திரியும் அப்படித்தான்: விளக்கு, மேளம், புதுத்துணி. அந்த ராத்திரியில் தோன்றியதை மறுவாரம் சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் எடுத்துப் பாருங்கள்.

தங்கை மகள் இன்னொன்றும் சொன்னாள். ஆண்கள், பெண் சும்மா நட்பாகப் பேசுவதையே ஆசை என்று எடுத்துக்கொள்ளும் பக்கம் சாய்கிறார்கள் என்று பல ஆராய்ச்சிகளில் தெரிந்திருக்கிறதாம். இதற்கு மதுரை வரை போய்ப் படிக்க வேண்டுமா என்று கேட்டேன். ஆனால் பையன்கள் இதை மனசில் வைத்துக்கொள்வது நல்லது. சந்தேகம் இருந்தால் "இல்லை" என்ற பக்கமே வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் கணக்குச் சரியாக வரும்.

முக்கியமாக ஒன்று. தலை குனிவது வெட்கம் என்றும், பேசாமல் இருப்பது சம்மதம் என்றும் யாரோ நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பெண் தலை குனிந்து வேகமாக நடந்தால் பயந்திருக்கிறாள். பையை மார்போடு சேர்த்துப் பிடித்தால் பயந்திருக்கிறாள். வழக்கமான வழியை விட்டு வேறு தெருவில் போனால் நிச்சயமாகப் பயந்திருக்கிறாள். பிடித்திருக்கிற பெண் எத்தனை வெட்கப்பட்டாலும் நின்று போவாள், நடை தளரும், தோழியிடம் சொல்லிச் சிரிப்பாள், மறுநாளும் அதே வழியில் வருவாள்.

"வேறு ஆளோட நான் பேசுனா அவனுக்குக் கோபம் வருதுக்கா, அவ்வளவு பாசம்" என்று பெருமையாகச் சொல்லுவார்கள். போன் பாஸ்வேர்டு கேட்பது, யாரோடு பேசினாய் என்று கணக்குக் கேட்பது, துப்பட்டாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எல்லாம் இதே வரிசை. இன்னும் ஒன்றுமே ஆகாதபோதே அதிகாரம் பண்ணுகிறவன் பிறகு என்ன செய்வான் என்று நானே சொல்ல வேண்டுமா.

சரி, தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். என் வீட்டுக்காரர் படகில் டிரைவர். பெரிய அலை எதிரே வந்தால் இன்ஜின் வேகத்தைக் குறைத்து முகப்பை நேராக வைக்க வேண்டும், பயந்துபோய் முறுக்கினாலும் ஆபத்து, திருப்பினாலும் ஆபத்து என்பார். ராத்திரி பதினொரு மணிக்கு வந்த மெசேஜுக்குப் பதினொன்று ஒன்றுக்குப் பதில் போட வேண்டியதில்லை. போனை அலமாரியில் வைத்துவிட்டு மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டுப் பாருங்கள், நெஞ்சு படபடப்பு குறையும். காலையில் டீ குடித்த பிறகும் அதே பதில்தான் தோன்றுகிறது என்றால் அனுப்புங்கள்.

அடுத்து, ஊரில் சொல்லாதீர்கள். நாலு நண்பர்களிடம் சொன்னால் வலை பின்னும் இடத்திலிருந்து ஏலக்கூடம் வரை போய்விடும். அப்புறம் அந்த ஆள் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டார், ஊருக்குத்தான் பதில் சொல்வார். ஊருக்குச் சொல்கிற பதில் எப்போதும் "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை." ஒருவரிடம் பேசியே ஆக வேண்டும் என்றால் வேறு ஊரில் கட்டிக்கொடுத்த அக்காவிடம் போனில் பேசுங்கள்.

உங்களுக்கும் பிடித்திருந்தால், அவர் காட்டிய அளவுக்கு நீங்களும் காட்டுங்கள், அதற்கு மேலே வேண்டாம். அம்மாவின் முட்டி வலியை விசாரித்தாரா, நீங்கள் அவர் தம்பியின் பரீட்சையை விசாரியுங்கள். விசாரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பதில் எதிர்பார்த்து நிற்கக் கூடாது. அந்தச் சின்னக் கதவு வழியாக அவர் மறுபடி வருகிறாரா என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று முறை போய்வந்து, ஒவ்வொரு முறையும் பேச்சு கொஞ்சம் நீண்டால் சரியான வழியில் போகிறது. நீங்கள் மட்டுமே விசாரித்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது.

பிறகு கேட்டுவிட வேண்டும். வருஷக்கணக்கில் குறிப்பையே படித்துக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அதற்குள் ஒருத்திக்கு நிச்சயமே முடிந்துவிடும். எங்கே கேட்பது என்பதற்கு ஒரே அளவுகோல்: எதிரில் இருப்பவர் விரும்பினால் அந்த நிமிஷமே நடந்து போய்விட முடிய வேண்டும். பைக்கில் ஏற்றி தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குக் கூட்டிப்போய்க் கேட்காதீர்கள், திரும்பி வர அவள் உங்கள் பைக்கைத்தான் நம்பி இருப்பாள். படகிலும் வேண்டாம். வேலை செய்யும் இடத்தில் நீங்கள் அவருக்கு மேலே இருந்தால் கேட்கவே வேண்டாம். பஸ் ஸ்டாப்பில் நாலு பேர் தள்ளி நிற்கும்போது, பேச்சு காதில் விழாத தூரத்தில், பகலில் கேளுங்கள்.

வசனம் வேண்டாம். "உங்ககூடப் பேசுறது எனக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்கும் அப்படித் தோணுதான்னு தெரிஞ்சுக்கணும். இப்பவே சொல்ல வேணாம். இல்லைன்னாலும் பரவாயில்ல, வழக்கம் போலவே இருப்பேன்." இவ்வளவு போதும். நீ இல்லாவிட்டால் கடலில் விழுந்துவிடுவேன் என்று ஆரம்பிக்கிறவன் கேள்வி கேட்கவில்லை, மிரட்டுகிறான்.

இல்லை என்று வந்தால் "சரிங்க" என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். நண்பனைத் தூது விடாதீர்கள். அடுத்த நாள் பஸ்ஸில் பார்த்தால் வழக்கமான தலையாட்டல், அவ்வளவுதான். அழ வேண்டுமென்றால் வீட்டில் அழுங்கள், வலைக்கம்பெனிக்குப் பக்கத்தில் பாட்டிலோடு உட்கார்ந்து அவள் பெயரைச் சொல்லி அழாதீர்கள். வேண்டாம் என்று சொன்ன பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், போனில் தொல்லை கொடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். நம் ஊரில் அதற்குக் காதல் என்று பெயர் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது.

உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், பெண்ணோ பையனோ, சீக்கிரம் சொல்லிவிடுங்கள். "வீட்டில விட மாட்டாங்க" என்று சொல்லாதீர்கள். வீட்டைச் சமாளித்துவிட்டால் சரியாகிவிடும் என்று எதிராளி கிளம்பிவிடுவார். "இப்ப படிக்கணும்" என்றால் படித்து முடிக்கும் வரை காத்திருப்பார். "உங்களை அந்த மாதிரி நான் நினைக்கல. இனிமே இதைப் பத்திப் பேச வேணாம்." குரலை உயர்த்தாமல், சிரிக்காமல் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே சொன்ன மறுப்பு காதில் ஏறாது. பத்துப் பேர் முன்னால் வைத்து அவமானப்படுத்தவும் வேண்டாம், சின்ன ஊர், நாளைக்கு அவர் அம்மாவிடம்தான் மீன் வாங்குவீர்கள். சொன்ன பிறகும் ஒருவன் விடவில்லை என்றால் அங்கே பொறுமைக்கு வேலை இல்லை. மெசேஜை அழிக்காமல் வைத்துக்கொண்டு பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்யுங்கள், கூட ஒரு ஆளையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன பதில் சொல்வதென்று உங்களுக்கே தெரியவில்லை என்றால் அதையும் சொல்லலாம். "எனக்குத் தெரியல, கொஞ்ச நாள் வேணும்" என்பதும் பதில்தான். அந்தக் கொஞ்ச நாளில் தினமும் வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்கிறாரா, விட்டுவிட்டு இருக்கிறாரா என்பது அவரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது என்றால் வீடு இருக்கிறது. ஒரே தெருவில் கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் இருக்கிற ஊர்கள் நம்முடையவை. திருவிழாவுக்கு எல்லாரும் சேர்ந்து வருவார்கள், சம்பந்தம் என்றால் முகம் மாறும். வேறு மதமாக இருந்தால் 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்யலாம், ஆனால் 30 நாள் முன்னறிவிப்பை அலுவலகத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். ரகசியமாக முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 முடிந்திருக்க வேண்டும்.

வீட்டில் சொல்வதாக இருந்தால் அப்பாவிடம் நேராகப் போகாதீர்கள். தாய்மாமன் காதில் முதலில் போடுங்கள், அவர் பேசினால் அம்மா கேட்பார், அம்மா பேசினால் அப்பா கத்தினாலும் கேட்பார். தடைக்காலத்தில் மட்டும் ஆரம்பிக்க வேண்டாம், வீட்டில் காசு புரளாத நேரத்தில் எல்லாக் கோபமும் உங்கள் மேல்தான் விழும். ஜூன் பாதிக்குப் பிறகு படகு போய் இறால் நல்ல விலைக்குப் போன வாரமாகப் பார்த்து மாமனைக் கூப்பிடுங்கள்.